சும்மா பார்க்கத்தான் வந்தோம்

எங்கள் பக்கத்தில் மேடு என்று சொல்ல எதுவும் கிடையாது. குமராட்சியில் நின்று நாலு திசையும் திரும்பிப் பார்த்தால் வயல், பனைமரம், வாய்க்கால் கரை, அதற்குப் பிறகு வானம். ஊரிலேயே உயரமான இடம் கொள்ளிடக் கரைதான். சின்ன வயதில் மாடு ஓட்டிக்கொண்டு போய் அதன்மேல் ஏறி நின்றால் பெரிய மலைமேல் ஏறிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வரும். நிஜமான மலையை நான் முதலில் பார்த்தது கல்லூரிக் காலத்தில், சேலம் போகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாக. மேகம் என்றுதான் நினைத்தேன். மேகம் நகரவில்லை என்று தெரிந்தபோது உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்தது. பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் "அது மலையா?" என்று கேட்க வெட்கமாக இருந்ததால் கேட்கவில்லை.

சமவெளிக்காரனுக்கு மலைமேல் இருக்கிற ஆசை, மலைக்காரனுக்குப் புரியாது. வருஷம் முழுக்கத் தட்டையான பூமியைப் பார்த்துப் பார்த்து, எங்கேயாவது பூமி நிமிர்ந்து நிற்காதா என்று கண் ஏங்கிப் போயிருக்கும். அதனால்தான் சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு தங்கினால், எங்கள் பக்கத்தில் ஒரு வேனைப் பேசிக்கொண்டு ஏற்காடோ கொல்லிமலையோ கிளம்பிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் 2023 பிப்ரவரியில் கிளம்பினோம். அக்கா, மச்சான், தம்பி குடும்பம், பிள்ளைகள் எல்லாம் சேர்த்துப் பதினாறு பேர். ஊர் கொல்லிமலை.

அந்தப் பயணத்தில் ஒரு பெண்மணி கேட்ட சாதாரணக் கேள்வி ஒன்று, இரண்டு வருஷத்துக்கு மேலாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

*

காரவள்ளியில் மலை அடிவாரம். அங்கிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் எழுதி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் கத்திக்கொண்டே எண்ணினார்கள். முப்பதுக்கு மேல் போனதும் இரண்டு பேருக்கு வாந்தி. வேனை நிறுத்தி, வாய் கொப்புளித்த தண்ணீர் பாட்டிலை யாரோ அப்படியே சரிவில் வீசினார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை என்று சொல்லலாம். பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தால் சாமை, கேழ்வரகு விளைந்த நிலங்கள், வாழை, காப்பிச் செடி, மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. ஓர் இடத்தில் காட்சி நன்றாக இருக்கிறது என்று இறங்கினோம். சாலையை ஒட்டி ஒரு வீடு. வாசலில் பாய் விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் சரிவு, அதற்கப்புறம் பள்ளத்தாக்கு. போட்டோவுக்கு அந்த இடம்தான் வாகு என்று எங்கள் ஆட்கள் பாட்டுக்கு வாசல் வழியாக உள்ளே போய்விட்டார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. தம்பி மகன் பலாமரத்தைக் கட்டிப்பிடித்துப் போஸ் கொடுத்தான்.

உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். கையில் முறம்.

"யாரு வேணும்?"

மச்சான் சிரித்துக்கொண்டே சொன்னார். "யாரும் வேணாம்மா. சும்மா பாக்கத்தான் வந்தோம்."

அந்த அம்மா எங்கள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்கள். கோபம் எதுவும் இல்லை. "பாருங்க. மொளகுல மட்டும் மிதிக்காம பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

கீழே பார்த்தேன். என் செருப்பு பாயின் ஓரத்தில் இருந்தது.

வேனில் திரும்ப ஏறும்போது அக்கா என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "டேய், வெள்ளத்தப்போ நம்ம வாசல்ல வந்து நின்னானுவளே, அவனுவளும் இதத்தான்டா சொன்னானுவ" என்றாள். அதற்கப்புறம் அன்று முழுக்க அவள் அதிகம் பேசவில்லை.

*

அக்காவைக் கட்டிக்கொடுத்தது கொள்ளிடப் படுகையில் இருக்கிற ஓர் ஊரில். குமராட்சி ஒன்றியத்தில் பழைய கொள்ளிடத்துக்கும் புதுக் கொள்ளிடத்துக்கும் இடையே தீவு போல மாட்டிக்கொண்ட ஊர்கள் உண்டு. திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் என்று ஒவ்வொரு வெள்ளத்திலும் பேப்பரில் இந்தப் பெயர்கள் வரும். 2018 ஆகஸ்ட்டில் வந்தது. 2022 ஆகஸ்ட்டில் மறுபடியும் வந்தது. மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் திறந்துவிட்டால், முக்கொம்பு, கல்லணை, கீழணை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசியில் அதை வாங்கிக்கொள்கிற வாசல்படி எங்களுடையது. எங்கள் ஊரில் மழையே இருக்காது. வெயில் சுள்ளென்று அடிக்கும். வெள்ளம் மட்டும் வரும். எங்கோ குடகு மலையில் பெய்த மழைக்கு நாங்கள் ஆடுமாடுகளைப் படகில் ஏற்றுவோம்.

2022இல் அக்கா வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நெல் மூட்டையைப் பரண்மேல் ஏற்றினார்கள், பாதி நனைந்தது. மின்சாரம் இல்லை. வாய்க்காலில் முதலை இருக்கிற பகுதி என்பதால் ராத்திரியில் தண்ணீரில் கால் வைக்கவே பயம். அந்த நேரத்தில் கரைமேல் கூட்டம் கூட்டமாக ஆட்கள். பைக்கில், காரில், குடும்பத்தோடு. செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்கள். சுண்டல் விற்கிறவர்கூட வந்துவிட்டார். ஒரு பையன், அக்கா ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு படகிலிருந்து இறங்குவதை எடுத்துக்கொண்டிருந்தான். நான் போய் அவன் கையைத் தட்டிவிட்டேன். "என்னாண்ண, சும்மா பாக்கத்தானே வந்தோம்" என்றான். அடிக்கிற அளவுக்கு எனக்குக் கோபம். அவனோ நிஜமாகவே புரியாமல் நின்றான்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளம் அழகாகத்தான் இருந்தது. சாயங்கால வெயிலில் கரைக்குக் கரை செம்மண் நிறத்தில், சுழித்துக்கொண்டு, சத்தமே இல்லாத ஒரு வேகத்தோடு போனது. அக்கா வீடு அதற்குள் இல்லாவிட்டால் நானும் நின்று பார்த்திருப்பேன். நின்று பார்க்கவும் செய்தேன், அவளைக் கரையேற்றி முகாமில் உட்கார வைத்த பிறகு. ஆகவே அந்தப் பையன் பொய்யான அழகை ரசித்தான் என்று சொல்ல முடியாது. பிறகு எதற்கு எனக்கு அவ்வளவு கோபம் வந்தது? அவன் செய்ததில் தப்பு எங்கே இருக்கிறது? ஆறு மாதம் கழித்து ஒரு மிளகுப் பாயின் ஓரத்தில் நின்றபோது, அதே வாக்கியத்தை நாங்கள் சொன்னபோது, அந்தத் தப்பு என்னவென்று கண்டுபிடித்தே ஆக வேண்டிய நிலை எனக்கு.

*

மலையைச் சும்மா பார்ப்பதற்காக ஏறுவது மனிதனுக்கு எப்போது தொடங்கியது என்று கேட்டால், ஐரோப்பியர்கள் ஒரு தேதி சொல்வார்கள். 1336 ஏப்ரல் 26. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் தன் தம்பியோடு தெற்கு பிரான்ஸில் உள்ள வான்டூ மலைமேல் ஏறினார். உயரத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். உச்சிக்குப் போய், கையோடு கொண்டுபோன அகஸ்டினின் நூலைப் பிரித்தால், மனிதர்கள் மலையையும் கடலையும் வியக்கிறார்கள், தங்களை மறந்துவிடுகிறார்கள் என்ற பொருளில் ஒரு வரி கண்ணில் படுகிறது. அவருக்கு வெட்கமாகிவிடுகிறது. பேசாமல் இறங்கிவிடுகிறார்.

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். என்னைப் பிடித்தது வேறோர் இடம். ஏறும் வழியில் அவர்கள் ஒரு கிழட்டு ஆட்டிடையரைப் பார்க்கிறார்கள். அவர், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நானும் ஏறினேன், முள்ளில் கிழிந்த உடம்பும் துணியும்தான் மிச்சம், போகாதீர்கள் என்கிறார். இளைஞர்கள் கேட்கவில்லை. சரி என்று வழியைக் காட்டிவிட்டு, பின்னாலிருந்து கத்திக் கத்தி எச்சரித்துக்கொண்டே இருக்கிறார். அவர் பெயர் என்ன என்று அந்தக் கடிதத்தில் இல்லை.

இன்னொரு உதாரணம். ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் 1790இல் வெளியிட்ட நூலில் அழகைப் பற்றியும், அதற்கும் மேலான பெருமிதத்தைப் பற்றியும் பேசுகிறார். செங்குத்துப் பாறை, இடி மின்னல், எரிமலை, பொங்கும் கடல் எல்லாம் நம்மை நடுங்க வைக்கின்றன. ஆனால் நாம் பத்திரமான இடத்தில் இருக்கிறோம் என்றால் அந்த நடுக்கமே ஓர் இன்பமாக மாறி, நம் மனசைப் பெரிதாக்குகிறது என்கிறார். அதே நூலில் சவாய் மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு குடியானவரையும் குறிப்பிடுகிறார். பனிமலையைக் காதலிக்கிறவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று அந்தக் குடியானவர் சொன்னாராம். மனப்பண்பு வளராதவனுக்கு இந்தக் காட்சிகள் வெறும் பயத்தை மட்டும்தான் தரும் என்பது கான்ட் எடுக்கிற முடிவு.

கான்டைக் குறை சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அவர் சொன்ன நிபந்தனையை அவரே கொஞ்சம் நேரம் வைத்துப் பார்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பத்திரமான இடம் வேண்டும் என்கிறார். அந்தக் குடியானவருக்கு அந்த இடம் இல்லை. அவர் வீடு பள்ளத்தில், மாடு சரிவில், பனி அவர் கூரைமேல். என் அக்காவுக்கு 2022இல் மனப்பண்பு குறைந்து போய்விடவில்லை. அவள் நின்ற இடம் வேறு, அவ்வளவுதான். கரைமேல் நின்றவனுக்கு அது காட்சி. படகில் இருந்தவளுக்கு அது சாமான் செட்டு.

பெட்ரார்க், கான்ட், நாங்கள் என்று எல்லாக் கதையிலும் ஓரமாக ஓர் உள்ளூர்க்காரர் நிற்கிறார். அவர் ஏதோ ஒன்று சொல்கிறார். வந்தவர் அதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டு மேலே போகிறார். பெயர்கூடக் கேட்பதில்லை. அந்த அம்மா பெயரை நாங்களும் கேட்கவில்லை.

*

பார்ப்பது மட்டும்தானே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லும்போது குரங்கணியை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடிக்கு மேலே, குரங்கணி – கொழுக்குமலைப் பக்கம் மலையேற்றத்துக்குப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். சென்னையிலிருந்து வந்தவர்கள், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பெண்கள் அதிகம். பலர் இளவயதுக்காரர்கள். 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல், மேல்நோக்கி அடிக்கிற காற்று, ஓட வழியில்லாத சரிவு. இறந்தவர்களில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. எங்கள் வேனில் இருந்த பிள்ளைகளுக்கு இருந்த அதே ஆசைதான் அவர்களுக்கும் இருந்தது.

நான் யோசிப்பது வேறு ஒன்றை. சாகசப் பயணங்களில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள், 'என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்' என்று. அன்று தீ பற்றியது தெரிந்ததும் முதலில் மேலே ஓடியவர்களில் அடிவாரத்து ஊர்க்காரர்கள் இருந்தார்கள். பாதை தெரிந்தவர்கள் அவர்கள்தான். போர்வையிலும் கம்பிலும் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்கினார்கள். அவர்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. மலையில் 'சொந்தப் பொறுப்பு' என்று ஒன்று இருக்கவே முடியாது என்பது எனக்கு அதில்தான் விளங்கியது. நான் வழி தவறினால் என்னைத் தேடி ஒருவர் வருவார். நான் விழுந்தால் ஒருவர் தூக்குவார். என் ஆபத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அவரைக் கேட்காமலே அந்தப் பங்கை நான் அவர் தலையில் எழுதிவிட்டேன்.

குரங்கணிக்குப் பிறகு அந்த வருஷமே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போகிற திட்டத்தைத் தொடங்கியது. வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையில் இருக்கிற பழங்குடி இளைஞர்கள். இதில் எனக்குப் பிடித்தது, ஓரமாக நின்றவர் முன்னால் நடக்க ஆரம்பித்திருக்கிறார் என்பது. அவர் போகாதே என்றால் போக முடியாது. பெட்ரார்க் காலத்து இடையருக்கு அந்த அதிகாரம் இல்லை.

அதே 2024இல், மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வந்தது. அடுத்த வருஷக் கோடைக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. எங்கள் பக்கத்தில் டீக்கடையில் இதற்கு எதிர்ப்பு. "மலை என்னா அவன் அப்பன் வூட்டு சொத்தா? நம்ம போறதுக்கு நம்மளே பர்மிஷன் வாங்கணுமா?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. வசதி உள்ளவன் பங்களா வாங்கிக்கொண்டு மேலேயே இருப்பான், வருஷத்துக்கு ஒருமுறை போகிற நமக்குத்தான் கணக்கா என்ற கோபம் அதில் இருக்கிறது. ஆனால் அரசு பஸ்ஸில் போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. கணக்கு வண்டிக்குத்தான். ஒரு குறுகலான மலைச்சாலையில் எத்தனை வண்டி நிற்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு என்று ஒப்புக்கொண்டால், அந்த அளவை யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அடித்துக்கொண்டு போனது. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மறுநாளே கேரளப் போலீஸ், வேடிக்கை பார்க்க யாரும் வராதீர்கள், மீட்பு வேலைக்கு இடைஞ்சலாகிறது என்று பொதுமக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. கொள்ளிடக் கரையில் நின்ற அந்தப் பையன் எல்லா ஊரிலும் இருக்கிறான்.

*

சரி, அப்படியானால் போகவே கூடாதா? கொஞ்ச நாள் எனக்கு அப்படித்தான் தோன்றியது. வீட்டிலேயே இருந்துவிட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லையே. மச்சானிடம் சொன்னேன். அவர் படித்தது எட்டாவது, ஆனால் என்னைவிடத் தெளிவாக யோசிப்பவர்.

"நீ போவலன்னா அந்தம்மா மொளக யாருக்கு விக்கும்? ஏவாரிகிட்ட பாதி வெலைக்குப் போடும். அதுவா நல்லது?"

அது ஒரு பதில். வருகிறவர்களை நம்பி மலையில் எத்தனையோ குடும்பம் இருக்கிறது. அன்னாசிப்பழம் நறுக்கி விற்கிறவர், ஜீப் ஓட்டுகிறவர், சின்ன மெஸ் நடத்துகிறவர் என்று. நான் என் மனச்சுத்தத்துக்காக வராமல் இருந்துவிட்டால், அதற்கான விலையை அவர்கள் கொடுப்பார்கள்.

இன்னொரு பதில் எனக்கே தட்டுப்பட்டது. வீட்டில் இருந்தால் மட்டும் நான் மலைக்குப் போகாதவனா? கொல்லிமலை உச்சியில் பிறக்கிற அய்யாறுதான் ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கிப் போய் அதில் குளித்தோமே, அந்தத் தண்ணீர்தான். அது மலையிறங்கி காவிரியோடு சேர்கிறது. காவிரியின் உபரி கொள்ளிடமாகி எங்களிடம் வருகிறது. குடகு, நீலகிரி, ஆனைமலை எல்லாவற்றின் தண்ணீரும் ஏதோ ஒரு பங்கு கீழணை தாண்டி எங்கள் படுகைக்கு வந்துதான் கடலுக்குப் போகிறது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போய், அங்கிருந்து குழாயில் சென்னைக்கும் போகிறது. எங்கள் வயல் மண்ணே ஒரு காலத்தில் மலையாக இருந்து, கரைந்து வந்தது. தட்டையான ஊர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, பொடியாகிப் படுத்திருக்கிற மலைமேல் உட்கார்ந்துகொண்டுதான்.

ஆக, போவதா வேண்டாமா என்ற கேள்வியே சரியாக இல்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மலையோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

எங்கள் வீடுகளில் மொய் நோட்டு உண்டு. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று அதில் இருக்கும். அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது அம்மா முதலில் அந்த நோட்டைத்தான் எடுப்பாள். வாங்கியதைவிடக் குறைத்துச் செய்யக்கூடாது. செய்ய வசதி இல்லாவிட்டாலும் நேரில் போய் முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். இது கடன் இல்லை, வட்டி கிடையாது, கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனால் மறந்தால் மரியாதை போய்விடும்.

மலை எங்களுக்கு வருஷா வருஷம் எழுதியிருக்கிறது. தண்ணீர், வண்டல், மிளகு, காற்று. சில வருஷம் வெள்ளமாகக் கொஞ்சம் தாராளமாகவே. நாங்கள் திருப்பி என்ன எழுதினோம்? முப்பதாவது வளைவில் ஒரு தண்ணீர் பாட்டில். நீலகிரியில் உடைந்த மது பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று, 2022இல் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பித் தருகிற ஏற்பாடு கொண்டுவந்தார்கள். பத்து ரூபாய் வைத்தால்தான் குனிந்து எடுப்போம் என்றால், நம் மொய் நோட்டு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

*

'சும்மா' என்கிற சொல்லும் இங்கே கொஞ்சம் பாவம். தாயுமானவர், அருணகிரிநாதர் போன்றவர்கள் அதைப் பெரிய நிலையாகச் சொன்னார்கள். 'நான்' என்கிற ஆட்டம் அடங்கி இருக்கிற நிலை. நாங்கள் வாசலில் நின்று சொன்ன சும்மா அதற்கு நேர் எதிர். எனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வேன், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அதற்கு அர்த்தம். கரையில் நின்ற பையன் செய்த தப்பும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அவன் பார்த்தது தப்பில்லை. பார்த்ததில் தனக்கு ஒரு பங்கும் இல்லை என்று நினைத்தது தப்பு. ஒரு மூட்டையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அவன் மறுபடி செல்போனை எடுத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது.

மலையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு நம்மிடமே பழைய வழிகள் இருக்கின்றன. திருவண்ணாமலையில் ஜனங்கள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வருகிறார்கள். உச்சியை மிதிப்பது நோக்கமில்லை. தூரத்தில் நின்று, நடந்து, எல்லாப் பக்கமும் பார்த்து, வீட்டுக்குப் போகிறார்கள். சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தங்க வில்வ மாலை தொங்குகிறது, வேறொன்றும் இல்லை. பார்க்கப் போனவனுடைய பார்வையை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பக்தி இருக்கிறதோ இல்லையோ, எல்லாவற்றையும் நெருங்கித் தொட்டு எடுத்துவிட வேண்டியதில்லை என்கிற ஒழுக்கம் இதில் இருக்கிறது.

வெளியிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1955 மே மாதம், உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமான கஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக ஏறிய ஜார்ஜ் பாண்டும் ஜோ பிரௌனும், உச்சிக்குச் சில அடி கீழே நின்றுவிட்டார்கள். அந்தச் சிகரம் சிக்கிம் மக்களுக்குத் தெய்வம், உச்சியை மிதிக்க மாட்டோம் என்று சிக்கிம் அரசருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். 8,500 மீட்டருக்கு மேலே யார் பார்க்கப் போகிறார்கள்? நாலு எட்டு வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் நின்றார்கள். பின்னால் ஏறிய பலரும் அந்த வழக்கத்தை மதித்தார்கள். அவர்கள் பார்த்தது ஒன்றும் குறைந்துவிடவில்லை.

*

இந்த முறை பொங்கல் கழித்து மறுபடி கொல்லிமலை போனோம். வேன் இல்லை. அக்கா, மச்சான், நான், மூன்று பேர். சிதம்பரத்திலிருந்து பஸ் மாறி மாறி, நாமக்கல்லில் செம்மேடு பஸ் பிடித்து ஏறினோம். வளைவில் டிரைவர் திருப்புகிற திருப்பில் மச்சானுக்கு வாந்தி. கவரில் பிடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு மேலே வரைக்கும் வந்தார். பெரிய தியாகம் என்று அக்கா கேலி செய்தாள்.

அந்த வீட்டைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் அலைந்தோம். பலாமரம்தான் அடையாளம். அந்த அம்மா இருந்தார்கள். எங்களை ஞாபகமில்லை. வருஷத்துக்கு எத்தனை பேர் அந்த வாசலில் நிற்கிறார்கள், எப்படி ஞாபகம் இருக்கும்? சாலையிலேயே நின்று கூப்பிட்டோம்.

"யாரு வேணும்?"

அக்கா மஞ்சப்பையை நீட்டினாள். அதில் ரெண்டு படி அரிசி. "எங்க வயல்ல வெளஞ்சதும்மா. கொள்ளிடத்துக்காரங்க நாங்க."

"அரிசியா? வெலைக்கா?"

"வெலைக்கு இல்ல. உங்க மலைத் தண்ணியில வெளஞ்சதுதான், வச்சுக்குங்க."

அந்த அம்மா கொஞ்சம் சந்தேகமாகத்தான் வாங்கினார்கள். பிறகு உட்காரச் சொல்லி மிளகு போட்டுக் கடுங்காப்பி கொடுத்தார்கள். பேசிக்கொண்டிருந்தோம். மழை தப்பிப் போனது, குரங்குத் தொல்லை, மகன் திருப்பூரில் இருப்பது. அக்கா வெள்ளத்தைப் பற்றிச் சொன்னாள். "ஆத்துல அவ்ளோ தண்ணி வருமா?" என்று அவர்கள் வாயில் கைவைத்துக்கொண்டார்கள். பெயரும் கேட்டோம். அரைக்கிலோ மிளகு வாங்கினோம். அரிசி கொடுத்தோமே என்று விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பை அரிசியில் கணக்கு நேராகிவிட்டது என்று நாங்களும் நினைத்துக்கொள்ளக் கூடாது அல்லவா.

கிளம்புமுன் அக்கா வீட்டுக்குப் பின்னால் போய்ச் சரிவைப் பார்க்கலாமா என்று கேட்டாள். "பாருங்க, அதுக்கென்ன" என்றார்கள். பள்ளத்தாக்கில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா ரொம்ப நேரம் நின்றாள்.

"இங்கேருந்து பாத்தா நம்ம வெள்ளம்கூட அழகாத்தான் தெரியும் போலருக்குடா" என்றாள்.

ஆமாம் என்றேன். வாசலில் இந்த வருஷமும் பாய் விரித்து மிளகு கிடந்தது. மூன்று பேரும் ஓரமாகச் சுற்றிக்கொண்டு சாலைக்கு வந்தோம்.